மொட்டை மாடி பதில்கள்: எந்த அலை யாருக்கு?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எதை வாங்கலாம்?" ரகம். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. கோவையில் உட்கார்ந்துகொண்டு இருபத்தேழு வருடமாக, மற்றவர்கள் வாங்கியதை மாடியிலும் கம்பத்திலும் ஏற்றி மாட்டுகிறவன். அதனால் விலைப் பட்டியல் என்னிடம் கிடைக்காது. மாட்டிய பிறகு என்ன ஆகிறது என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

கேள்வி: எங்களுடையது பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். பேக்கிங் பகுதியிலும் குடோனிலும் கையடக்க ஸ்கேனர் வைத்துப் பெட்டிகளைப் பதிவு செய்கிறோம். வைஃபை அடிக்கடி விட்டுப் போகிறது. ஒருவர் வந்து, "வைஃபை காலம் முடிந்துவிட்டது, உங்கள் வளாகத்துக்கென்று தனி 5ஜி போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார். போடலாமா?
– குடோன் மேலாளர், திருப்பூர்

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். வைஃபை போட்ட அன்றைக்கு குடோன் காலியாக இருந்ததா?

இருந்திருக்கும். 2011-ல் அவிநாசி பக்கம் ஒரு நூல் குடோனில் அந்தத் தப்பை நான் செய்தேன். புதுக் கட்டடம், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. லேப்டாப்பை ஏந்திக்கொண்டு மூலைக்கு மூலை நடந்து பார்த்தேன், எங்கும் முழு சிக்னல். நான்கு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) போதும் என்று எழுதிக் கொடுத்து, மாட்டி, பணமும் வாங்கிவிட்டேன். மூன்றாவது மாதம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் இரும்பு ரேக் வந்திருக்கிறது, ரேக் நிறையக் கூரையைத் தொடும்படி நூல் மூட்டை. பருத்தி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வைஃபை ஓடிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஈரம் ஆகாது, இரும்பு அதைவிட ஆகாது. ஈரம் குடித்துவிடும், இரும்பு திருப்பி அடிக்கும். இன்னும் மூன்று பெட்டிகளை என் செலவில் மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து சரக்கு ஏறாத குடோனை நான் அளப்பதில்லை.

உங்கள் இடத்தில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஆள் பேக்கிங்கிலிருந்து குடோனுக்கு நடக்கும்போது, பழைய ஆக்சஸ் பாயிண்டை விட்டுப் புதியதற்குத் தாவ வேண்டும். வைஃபையில் எப்போது தாவுவது என்பதை முடிவு செய்வது ஸ்கேனர்தான், நெட்வொர்க் இல்லை. சில ஸ்கேனர்கள் பழையதை விடவே விடாது, சிக்னல் அறுந்து போகும்வரை பிடித்துத் தொங்கும். ஸ்கேனரின் செட்டிங்கில் இதற்கு ஓர் அளவு இருக்கும். அதைச் சரிசெய்தாலே உங்கள் புகாரில் பாதி போய்விடலாம்.

சரி, 5ஜி. அது மோசமான பொருள் இல்லை, வந்தவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வைஃபை என்பது டீக்கடை பெஞ்சு. யாருக்கும் தலைமை கிடையாது. பேச நினைப்பவர் கொஞ்சம் காது கொடுத்துப் பார்ப்பார், வேறு யாரும் பேசவில்லை என்றால் ஆரம்பிப்பார். இரண்டு பேர் ஒன்றாக ஆரம்பித்துக் குழம்பினால், ஆளுக்கொரு கணக்கில் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். ஐந்து பேருக்கு அருமையான ஏற்பாடு. ஐம்பது பேர் கூடினால் ஆளாளுக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். 5ஜி பள்ளிக்கூட வகுப்பு. வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கலாம். இன்னொரு வகுப்புக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பு. அதனால்தான் துறைமுகத்தில் ஓடும் கிரேன், திறந்தவெளிச் சுரங்கம், கிலோமீட்டர் கணக்கில் பரந்த யார்டு மாதிரி இடங்களுக்கு அது பொருந்துகிறது. ஆனால் வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வந்த பிறகு பெஞ்சிலும் ஒரு சட்டாம்பிள்ளை உட்கார ஆரம்பித்துவிட்டார். ஆக்சஸ் பாயிண்டும் ஸ்கேனரும் இரண்டுமே வைஃபை 6 ஆக இருந்தால், யார் எப்போது பேசலாம் என்பதை ஆக்சஸ் பாயிண்டே பிரித்துக் கொடுக்க முடியும்.

பணத்துக்கு வருவோம். தனி 5ஜி என்றால் அலைக்கற்றை வேண்டும். 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, செல்போன் நிறுவனத்திடம் சேவையாக வாங்கலாம், அல்லது அவர்கள் கையிலிருக்கும் அலைக்கற்றையைக் குத்தகைக்கு எடுக்கலாம். இந்த இரண்டு வழியிலும் அவர்களோடு ஒரு ஒப்பந்தம் உண்டு. அப்புறம், உங்கள் ஸ்கேனர்களில் 5ஜி ரேடியோ கிடையாது. அத்தனையையும் மாற்ற வேண்டும். வைஃபை ரேடியோவோ நீங்கள் கேட்காமலே உள்ளே இருக்கிறது, அதன் விலை ஸ்கேனர் விலையிலேயே கரைந்துவிட்டது. இந்தத் தொழிலில் நான் பார்த்த அத்தனை சண்டைகளும் கடைசியில் இந்த இடத்தில்தான் முடிந்தன. யார் வேகம் அதிகம் என்பதில் இல்லை. வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே எது இருக்கிறது என்பதில்.

வைஃபைக்கே பூர்வீகம் உங்கள் மாதிரி ஒரு வியாபாரக் கவலைதான். 1985-ல் அமெரிக்கா 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைப் பட்டைகளை லைசென்ஸ் இல்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. அப்போது என்சிஆர் என்ற கல்லாப்பெட்டி நிறுவனத்துக்கு ஒரு யோசனை. கடைக்காரர்கள் கவுன்டரை இடம் மாற்றும்போதெல்லாம் தரையைக் கொத்திக் கேபிள் இழுக்க வேண்டியிருக்கிறதே, வயர் இல்லாமல் செய்தால் என்ன? நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய குழு அதைச் செய்தது. அந்தக் குழுவிலிருந்த விக் ஹேய்ஸ்தான் பிறகு வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரத்தை எழுதிய கமிட்டிக்குப் பத்து வருடம் தலைமை தாங்கினார். தரம் வெளிவந்தது 1997-ல்.

உங்களுக்கு என் யோசனை: சரக்கு நிறைந்த நாளில் குடோனை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ரேக் சந்துக்குச் சந்து ஆன்டெனாவைக் கீழ்நோக்கி வையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் 5ஜிக்காரரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் ஒன்று மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ராத்திரி பதினொரு மணிக்குக் கன்டெய்னர் கிளம்பும் நேரத்தில் ஸ்கேனர் நின்றால், எந்த ஊரிலிருந்து ஆள் வருவார்?

கேள்வி: எங்கள் ஹோட்டலில் ஆர்டர் எடுக்கும் டேப்லெட் வைஃபையில் ஓடுகிறது, பில் பிரிண்டர் ப்ளூடூத்தில். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு. மூன்றும் ஒரே அலைவரிசை என்று மகன் சொல்கிறான். அப்படியென்றால் எப்படி ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன?
– ஹோட்டல் உரிமையாளர், சேலம்

மோதுகின்றன. உங்களுக்குத் தெரியாமல் சமாளித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றும் பங்கு போடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். வைஃபை அதில் 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தைப் பிடித்து ஆற அமர உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒன்றையொன்று இடிக்காமல் மூன்று பேருக்குத்தான் இடம்: 1, 6, 11 என்ற சானல்கள். ப்ளூடூத்துக்கு உட்காரும் பழக்கமே இல்லை. பட்டையை ஒரு மெகாஹெர்ட்ஸ் கட்டங்களாக 79 துண்டு போட்டு, நொடிக்கு 1600 தடவை கட்டம் விட்டுக் கட்டம் தாவும், பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாவியதால் வைஃபை மேல் விழுந்துகொண்டே இருந்தது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தக் கட்டத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அதை விட்டுத் தாவக் கற்றுக்கொண்டது.

எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம் ஒன்று. கடிகாரம், சென்சார் எல்லாம் பயன்படுத்தும் சின்ன ரக ப்ளூடூத், "நான் இங்கே இருக்கிறேன்" என்று கூவுவதற்கு மூன்றே கட்டங்களை வைத்திருக்கிறது: 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் 1, 6, 11 சானல்களை வரைந்து பார்த்தால், அந்த மூன்றும் ஓரத்திலும் இடுக்கிலும் வந்து விழும். யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்து வீட்டுக்காரரின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தன் வீட்டைக் கட்டியிருக்கிறார்.

மைக்ரோவேவ் அடுப்புக்கு இந்த மரியாதை எதுவும் தெரியாது. அது ரேடியோவே இல்லை, கதவு இடுக்கில் கசிகிற அடுப்பு. டேப்லெட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், தீர்ந்தது. இன்னொன்று: கல்லாவில் கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி 3 ரக ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால், பிரிண்டரைப் பிடிக்கும் ப்ளூடூத் டாங்கிளை அதன் பக்கத்தில் செருகாதீர்கள். அந்த டிஸ்க்கின் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் இந்த ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க நான் மூன்று முறை போய் வந்தேன். மூன்று முறையும் நல்ல காபி கொடுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: டவரிலிருந்து இன்டர்நெட் தரும் வைமேக்ஸ் என்ற தொழில்நுட்பம், 4ஜி எனப்படும் எல்டிஇ-க்கு முன்பே வந்தது, வேகத்திலும் குறைவில்லை என்று பாடத்தில் படித்தோம். பிறகு ஏன் காணாமல் போனது?
– பொறியியல் மாணவி, நாகர்கோவில்

உங்கள் வயதில் இதைக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் இதே கேள்விக்குத் தவறான பதிலை நம்பி, 2009-ல் ஆன்டெனாவைக் கம்பத்தில் பிடிக்கும் கிளாம்ப் ஐந்நூறு வாங்கி வைத்தவன்.

அந்த வருடம் ஒரு வைமேக்ஸ் சேவைக்காகக் கோவையைச் சுற்றி வீடு வீடாக மோடம் வைத்துக் கொடுத்தோம். விளம்பரத் தாளில் 70 எம்பிபிஎஸ் வேகம், 50 கிலோமீட்டர் தூரம் என்று இருந்தது. இரண்டும் தனித்தனியாக உண்மை. 70 வேண்டுமென்றால் டவருக்கு அடியில் இருக்க வேண்டும், 50 கிலோமீட்டரில் இருந்தால் 70 பற்றி நினைக்கக்கூடாது. நடைமுறையில் மோடத்தை டவர் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டியிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் நெட் போகும், திறந்தால் கொசு வரும். ஓர் அம்மா என்னிடம், "தம்பி, இன்டர்நெட் வேண்டாம், ஜன்னலைச் சாத்திக்கிறோம்" என்றார்.

ஆனால் இதனால் அது தோற்கவில்லை. எல்டிஇ-யும் ஆரம்பத்தில் இப்படித்தான் தடுமாறியது. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டுமே அலைக்கற்றையைச் சின்னச் சின்னத் துணை அலைகளாக நறுக்கிப் பலருக்கும் பங்கு போடும் முறை, இரண்டிலும் பல ஆன்டெனா உத்தி. வைமேக்ஸுக்கு முன்தொடக்கமும் இருந்தது. நடமாடும் வைமேக்ஸுக்கான தரம் 2005 டிசம்பரில் முடிந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற செல்போன் நிறுவனம் 2008 செப்டம்பரில் பால்டிமோரில் சேவை தொடங்கிவிட்டது. முதல் எல்டிஇ சேவை ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் வந்தது 2009 டிசம்பரில்தான்.

வைமேக்ஸுக்குப் பின்னால் இருந்த பெரிய கை, சிப் தயாரிக்கும் இன்டெல். அவர்கள் நினைத்தது, வைஃபையில் செய்ததை மறுபடி செய்யலாம் என்று. வைஃபைக்கும் ஒரு காலத்தில் போட்டியாளர்கள் உண்டு. அமெரிக்காவில் ஹோம்ஆர்எஃப், ஐரோப்பாவில் ஹைப்பர்லேன். இரண்டும் தொழில்நுட்பமாக மட்டமில்லை. ஹோம்ஆர்எஃப்பில் டெலிபோன் பேச்சுக்குத் தனி இடமே ஒதுக்கியிருந்தார்கள். 1999-ல் ஆப்பிள் தன் ஐபுக் லேப்டாப்புக்கு வைஃபை கார்டு விற்க ஆரம்பித்தது. ஹோம்ஆர்எஃப் கூட்டணியில் இருந்த இன்டெல்லே வைஃபை பக்கம் சாய்ந்தது. 2003 ஜனவரியில் ஹோம்ஆர்எஃப் கடையைக் கட்டியது. இரண்டே மாதத்தில் சென்ட்ரினோ என்ற பெயரில் லேப்டாப்புக்குள்ளேயே வைஃபையை வைத்து விற்றது இன்டெல். ஆபீஸ்களில் லேப்டாப் நுழைந்தபோது வைஃபையும் கூடவே நுழைந்துவிட்டது, யாரும் தனியாக அனுமதி கேட்கவில்லை.

வைமேக்ஸில் இது ஏன் நடக்கவில்லை? வைஃபை பெட்டியை ஆபீஸ் முதலாளி தானே வாங்கி மாட்டலாம். வைமேக்ஸுக்கு டவர் வேண்டும், அலைக்கற்றை வேண்டும். அவை யாரிடம் இருந்தன? செல்போன் நிறுவனங்களிடம். உலகம் முழுக்க ஜிஎஸ்எம் என்ற செல்போன் முறையை நடத்தியவர்களுக்கு எல்டிஇ என்பது சொந்த வீட்டின் மேல் மாடி. அதே டவர், அதே சிம் முறை, அதே பில் கணக்கு. வைமேக்ஸ் பக்கத்துத் தெருவில் புது வீடு. இதில் பெரிய அடி 2007 நவம்பரில் விழுந்தது. ஜிஎஸ்எம் குடும்பத்திலேயே இல்லாத வெரைசன், அதாவது சிடிஎம்ஏ என்ற போட்டி முறையை நடத்திய அமெரிக்க நிறுவனம், தனது அடுத்த படி எல்டிஇ என்று அறிவித்தது. எதிர்முகாம் ஆளே இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

எஞ்சியிருந்த நம்பிக்கை இந்தியா. 2010 ஜூனில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஏலம் முடிந்தது. எல்லோரும் இங்கே வைமேக்ஸ்தான் ஓடும் என்று எதிர்பார்த்தார்கள், என் ஐந்நூறு கிளாம்ப் உட்பட. ஆனால் அமெரிக்க சிப் நிறுவனமான குவால்காம் வந்து டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா என நான்கு டெலிகாம் வட்டங்களை ஏலத்தில் எடுத்தது. செல்போன் சேவை நடத்துவது அவர்கள் தொழிலே இல்லை. அந்தப் பட்டையில் எல்டிஇ-தான் ஓட வேண்டும், அதைக் காட்டிவிட்டு வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதே திட்டம். நாடு முழுவதற்குமான உரிமையை எடுத்தது இன்ஃபோடெல் என்ற அதிகம் கேள்விப்படாத நிறுவனம். ஏலம் முடிந்த அன்றே அதன் 95 சதவீதத்தை 4,800 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. அவர்களும் எல்டிஇ பக்கம்தான் போனார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ என்ற பெயரில் அது உங்கள் வீட்டுக்குள் வந்தது உங்களுக்கே தெரியும். ஸ்பிரிண்ட் தன் வைமேக்ஸை முழுவதுமாக அணைத்து முடித்ததும் அதே 2016-ல்தான்.

கிளாம்புகளை வீணாக்கவில்லை. டிடிஎச் டிஷ் மாட்டப் பயன்பட்டன.

கேள்வி: பல வருடங்களுக்கு முன் போடி பக்கம் கண் பரிசோதனை மையத்தின் மாடியில் ஒரு வலை மாதிரி ஆன்டெனா பார்த்திருக்கிறேன். "வைஃபையில் தேனியில் இருக்கும் டாக்டர் பார்க்கிறார்" என்று அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். வீட்டில் பக்கத்து அறைக்கே வராத வைஃபை ஊர் விட்டு ஊர் எப்படிப் போனது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்

ஐயா, நீங்கள் பார்த்தது உண்மைதான். இந்தப் பகுதியில் எனக்கு வந்த கேள்விகளில் இதற்குப் பதில் எழுதத்தான் நான் அதிகம் காத்திருந்தேன்.

அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியர் நடத்திய குழுவும் சேர்ந்து செய்த வேலை அது. தேனி மருத்துவமனையையும் போடி, சின்னமனூர், பெரியகுளம் மாதிரி ஊர்களில் இருந்த பார்வை மையங்களையும் இணைத்தார்கள். மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார், தேனியிலிருந்து டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமா, ஆபரேஷனா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

தூரத்துக்கு முதல் காரணம் நீங்கள் பார்த்த அந்த வலை. வீட்டு ரவுட்டர் நான்கு பக்கமும் சிந்துகிற சக்தியை, வலை ஆன்டெனா டார்ச் மாதிரி ஒரே திசையில் குவிக்கும். நடுவில் மரமோ மேடோ இல்லாமல் இருந்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வைஃபையில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் "கிடைத்தது" என்று ஒரு ரசீது வர வேண்டும். அறைக்குள் பேசுவதற்காக எழுதிய தரம் என்பதால் ரசீதுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். அலை ஒரு கிலோமீட்டர் போக 3.3 மைக்ரோ நொடி ஆகும். பதினைந்து கிலோமீட்டர் போய் ரசீது திரும்பி வருவதற்குள், இந்தப் பக்கம் "தொலைந்துவிட்டது போல" என்று அதே தகவலை மறுபடி அனுப்பியிருக்கும். ரசீதும் மறு அனுப்புதலும் எதிரெதிரே மோதும். போதாதற்கு டீக்கடை பெஞ்சு சட்டமும் அங்கே செல்லாது: எதிர்முனை பேச ஆரம்பித்தது இங்கே கேட்பதற்குள் இவரும் ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் குழு பெட்டியை மாற்றவில்லை. அதே மலிவான வைஃபை கார்டுதான், உள்ளே ஓடும் மென்பொருளை மாற்றினார்கள். காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, கடிகாரம் பார்த்து முறை வைத்தார்கள்: இத்தனை மில்லி நொடி நீ, அடுத்து நான். ரசீதையும் ஒவ்வொன்றாக அனுப்பாமல் கட்டாக அனுப்பினார்கள். இதே உத்தியோடு 2007-ல் வெனிசுலாவில் மலையுச்சியிலிருந்து 382 கிலோமீட்டர் தூரம் வைஃபை இணைப்பு போட்டுக் காட்டினார்கள்.

ஏன் வைஃபை? அப்போது வைமேக்ஸ் இருந்தது, நம் ஊர்ச் சரக்கான கார்டெக்ட் இருந்தது. கார்டெக்ட் தெரியுமா ஐயா? சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் 1990-களில் உருவானது. ஐரோப்பிய கார்ட்லெஸ் போன் தரத்தை எடுத்து, கிராமத்துக்கு டெலிபோனும் 35 அல்லது 70 கேபிபிஎஸ் வேகத்தில் இன்டர்நெட்டும் ஒரே இணைப்பில் தருகிற மாதிரி மாற்றினார்கள். மேலூர் சுற்றுவட்டாரத்தில் அதை வைத்துக் கிராம இன்டர்நெட் மையங்கள் நடந்தன. நான் தொழில் கற்றுக்கொண்டது அதற்காக வீட்டுச் சுவரில் வைக்கும் வால்செட் பெட்டிகளை மாட்டித்தான், அதன் மேல் எனக்கு இன்றும் ஒரு பாசம் உண்டு. ஆனால் 70 கேபிபிஎஸ்ஸில் கண்ணின் வீடியோவை டாக்டர் பார்க்க முடியாது. வைமேக்ஸ் பெட்டியோ விலை எட்டாது, அலைக்கற்றைக்கு லைசென்ஸும் வேண்டும். வைஃபை சிப்புகள் அதற்குள் லேப்டாப்புக்காகக் கோடிக்கணக்கில் அச்சாகி மலிந்துவிட்டன. 2.4 கிகாஹெர்ட்ஸில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் மத்திய அரசும் அறிவித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மலிவாக வந்தது யாரோ எங்கோ காபிக் கடையில் லேப்டாப் திறந்ததால்.

அந்தக் குழு அனுபவத்தை எழுதியபோது, அலையைப் பற்றிச் சொன்னதைவிட மின்சாரத்தைப் பற்றி அதிகம் புலம்பியிருந்தார்கள். வோல்டேஜ் ஏறி இறங்கி ரவுட்டரையும் மெமரி கார்டையும் தின்றுகொண்டே இருந்ததாம். அப்புறம் மாடி ஏறிச் சரிசெய்ய உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்து, வேலையை ஆஸ்பத்திரியிடமே ஒப்படைத்தார்கள். நான் இதைப் படித்தபோது சிரித்தேன். உடுமலையில் நான் போட்ட ஒரு லிங்க் ஒவ்வொரு ஆடி மாதமும் நின்றுபோகும். காற்று ஆன்டெனாவைக் கையால் பிடித்துத் திருப்பிய மாதிரி நகர்த்தி வைத்திருக்கும். அந்த ஆபீஸ் வாட்ச்மேன் இரண்டாவது வருடத்திலிருந்து என்னைக் கூப்பிடவில்லை. கம்பத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டார், நகர்ந்தால் கோட்டுக்கு நேராகத் திருப்பிவிடுவார்.

கேள்வி: முப்பது ஏக்கர் தென்னந்தோப்பு. மண் ஈரம் பார்க்க சென்சார் போட ஆசை. ஒரு கம்பெனி சிம் கார்டு போட்டது தருகிறது, இன்னொன்று லோரா என்கிறது. எது நிற்கும்?
– விவசாயி, பொள்ளாச்சி

உங்கள் தோப்பின் நடுவில் நின்று செல்போனைப் பாருங்கள். சிக்னல் நன்றாக இருந்து, சென்சாரும் நாலைந்துதான் என்றால் சிம் போதும். நாற்பது இடத்தில் நட வேண்டும் என்றால் நாற்பது சிம், நாற்பது ரீசார்ஜ்.

லோரா மெதுவாகப் பேசுகிற ரேடியோ. "இங்கே ஈரம் இவ்வளவு" என்று அரை மணிக்கு ஒரு தடவை முணுமுணுக்கும், பேட்டரி வருடக் கணக்கில் வரும். இந்தியாவில் அதற்கு 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் லைசென்ஸ் இல்லாத இடம் இருக்கிறது. தண்ணீர் டேங்க் மேல் ஒரு கேட்வே (சென்சார்கள் சொல்வதை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி) வைத்தால் முப்பது ஏக்கருக்குப் பெரும்பாலும் எட்டும். தென்னை மட்டை அலையைக் கொஞ்சம் குடிக்கும், அதனால் கேட்வே ஆன்டெனாவை மரத்தலைக்கு மேல் தூக்குங்கள்.

நான் அதிகம் யோசிக்கச் சொல்வது வேறு. பிரான்ஸில் சிக்ஃபாக்ஸ் என்று ஒரு நிறுவனம், இதே மாதிரி மெதுவான நெட்வொர்க் ஒன்றைப் பல நாடுகளில் விரித்தது. ஒரு தகவலுக்கு 12 பைட், நாளுக்கு 140 தகவல், அவ்வளவுதான், ஆனால் வேலை செய்தது. 2022 ஜனவரியில் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போய்விட்டது. சில மாதங்களில் சிங்கப்பூரின் யுனாபிஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டதால் பிழைத்தது. நடுவில் அந்தச் சென்சார் வைத்திருந்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லோராவில் கேட்வே உங்கள் டேங்க் மேல், உங்கள் சொத்தாக இருக்கும். கம்பெனி போனாலும் வேறு ஆளை வைத்து ஓட்டலாம். ஆனால் கம்பெனிக்காரர் கேட்வேயைப் பூட்டி, தன் சர்வருக்கு மட்டும் பேசும்படி வைத்துவிட்டால் இந்த நன்மை போச்சு. வாங்கும் முன் "கேட்வேயின் பாஸ்வேர்டு எனக்குக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: 2003-ல் 501 ரூபாய் கட்டி வாங்கிய ரிலையன்ஸ் சிடிஎம்ஏ செட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இப்போது ஏதாவது சிம் போட்டு ஓட்ட முடியுமா?
– விருதுநகர் வாசகர்

சிம் போட ஓட்டையே இருக்காது, திருப்பிப் பாருங்கள். நம்பரை செட்டுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார்கள். செட் மாற்ற வேண்டுமென்றால் கடைக்குத்தான் ஓட வேண்டும். ஜிஎஸ்எம் பக்கம் சிம்மைக் கழற்றி மச்சான் போனில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கை செட் வியாபாரம் முழுவதும் அந்தப் பக்கம் போனதற்கு அந்தச் சின்ன அட்டைதான் காரணம்.

அந்த நெட்வொர்க்கை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சார்ஜ் போட்டால் திரை எரியலாம். மணி பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்துச் சிடிஎம்ஏ செட்டுகள் பலவும் டவரிடம் கேட்டுத்தான் மணி காட்டும்.